அரக்கு முத்திரை வைத்த புருஷன்

ஆவுடையாள்புரத்தில் விதைக்கடை கோமதிநாயகம் தன் வீட்டு டிவிக்குக் கீழே இருந்த கேம் பெட்டிக்குள் இறங்கிப் போனது ஒரு வியாழக்கிழமை காலையில், பால்காரர் வந்து போன பிறகு, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால், அதாவது ஊரே முழித்திருந்து அவரவர் சோலியில் கிடக்கிற நேரத்தில். ஒளிவு மறைவு என்று அதில் ஒன்றும் இல்லை.

அவர் பெண்டாட்டி செண்பகம் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஆறிப்போவுது" என்றாள். "ரெண்டே நிமிஷம், வந்துருதேன்" என்று டிவி இருந்த பட்டாசலிலிருந்து பதில் வந்தது. தினமும் வருகிற பதில்தான். காபியில் ஆடை படிந்த பிறகு தம்ளரோடு வந்து பார்த்தால், உட்கார்ந்த பள்ளத்தோடு பாய் மட்டும் இருந்தது. கையில் பிடித்து ஆடுகிற ரிமோட் பாயில் கிடந்து குறுகுறுவென்று தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. டிவியில் ஒரு கத்தரித் தோட்டம், அதில் கட்டம் போட்ட சாரமும் கை வைத்த பனியனுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் களை கொத்திக்கொண்டிருந்தார். செண்பகம் தம்ளரை டிவி பக்கத்தில் வைத்தாள், எறும்பு ஏறாமல் ஒரு தட்டால் மூடினாள், குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

குழாயடியில் விஷயத்தைச் சொன்னபோது எதிர்வீட்டு மரகதம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப மத்தியானம் சோறு அளவு கொறைச்சுப் போட்டாப் போதும்லா?"

ஏன் ஆச்சரியப்படவில்லை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கோமதிநாயகம் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வயலுக்கு விதை நிறுத்துப் போட்ட மனுஷன். வெண்டையா, மிளகாயா, எந்த மண்ணுக்கு எது, எந்தப் பட்டத்துக்கு எது என்று மூட்டை மூட்டையாக யோசனை சொன்னவருக்குச் சொந்தமென்று ஒரு முழம் மண் கிடையாது. அப்பா விட்டுப்போன வயலை அண்ணன் சங்கரலிங்கம் உழுதுகொண்டிருந்தார். என் பாகம் எங்கே என்று கேட்கத் தம்பிக்கு இத்தனை காலமும் ரெண்டு நிமிஷம் கிடைக்கவேயில்லை. அப்படிப்பட்டவருக்குப் பூச்சிமருந்துக் கம்பெனிக்காரன் வைத்த குலுக்கலில் கடை முதலாளி மூலமாக அந்த கேம் பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு விவசாய விளையாட்டு. காடு திருத்தலாம், வரப்பு கட்டலாம், கிணறு வெட்டலாம், கேட்ட நாளில் மழை பெய்யும். கடை விட்டு வந்தால் பெட்டி, பெட்டி விட்டால் கடை. சாப்பிடக் கூப்பிட்டாலும் ரெண்டே நிமிஷம், காய்ச்சலில் கிடந்து மாத்திரை கேட்டாலும் ரெண்டே நிமிஷம். கன்னியாகுமரிக்குப் போகிற காலை பஸ் தெருமுக்கில் நின்று ஹாரன் அடிக்கும்போது, கடலையே பார்த்திராத செண்பகம் அரக்குக் கலர்ப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள், உள்ளேயிருந்து அதே ரெண்டே நிமிஷம் வரும், பஸ் போய்விடும். இது ஏதோ ஒரே ஒரு தடவை நடந்ததல்ல. கண்டக்டருக்கு அந்தச் சேலையின் கரை மனப்பாடம். இவள் தலையை ஆட்டுவாள், அவர் விசிலை ஊதுவார்.

ஆக, போனவர் போனார் என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது. பார்க்காத ஒரே ஆள் அண்ணன் சங்கரலிங்கம். தம்பிமேல் அவருக்கு அத்தனை காலம் வராத பாசம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்டர் ஞானதிரவியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"எந்தம்பிய இவ என்னமோ பண்ணிட்டா சார். அவன் போறதுக்கு முந்தின நாள் இவ போட்ட சத்தத்த இந்தத் தெருவே கேட்டிருக்கு."

தெரு கேட்டதென்னவோ வாஸ்தவம். சுட்ட கருவாடு ஆறிப்போன சண்டையில் செண்பகம், "உங்களையும் இந்தப் பெட்டியையும் ஒண்ணாக் கட்டி ஆத்துல விட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று கத்தியிருந்தாள். இன்ஸ்பெக்டர் வீடு வீடாகக் கேட்டபோது எல்லாரும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் அப்படியே சொன்னார்கள். செண்பகத்தின்மேல் பிரியமில்லாமல் இல்லை. சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் வந்து அவளிடம், "பொய் சொல்லப்படாதுலா செம்பகம்" என்று வருத்தப்பட்டு, ஒரு கிண்ணம் குழம்பும் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

"பெரியத்தான், அவுக உள்ளதான் இருக்காக. டிவியப் பாருங்க" என்றாள் செண்பகம்.

சங்கரலிங்கம் பார்த்தார். தம்பி வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். "போன வருசம் எடுத்த வீடியோவப் போட்டுக் காட்டுதா சார்" என்றார்.

இன்ஸ்பெக்டருக்குக் குழப்பம் பிடிக்காது. கிணற்றை இறைக்கச் சொன்னார். ஒரு குடமும் மரகதம் வீட்டு வாளியும் கிடைத்தன. முருங்கை மரத்தடியைத் தோண்டச் சொன்னார். மரம் சாய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், "ஆள் கடைசியா உக்காந்திருந்தது இதுக்கு முன்னாலதானே? இத எடுங்க. லேப்ல சொல்லட்டும். அதுல சரியா வரலன்னா, ஏம்மா, நீ துணிமணி எடுத்து வச்சுக்க" என்றார். ஏட்டு ஒயரைப் பிடுங்கினார். தோட்டம் இருண்டது. சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, வெள்ளைத் துணியில் பெட்டியைப் பொதிந்து, சணல் கட்டி, மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முடிச்சு முடிச்சாக முத்திரை வைத்தார்கள்.

"சூடு உள்ள எறங்கிராம வைங்கய்யா" என்று செண்பகம் பதறினாள். "சாய்க்காதிய. அவுகளுக்குத் தலை சுத்தும்."

ஏட்டு நல்ல மனுஷன். ஜீப்பில் போகும்வரை பெட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். மேடு பள்ளம் வந்தபோது உள்ளே கேட்கட்டும் என்று, "பிடிச்சுக்கிடும் வே" என்றும் சொன்னாராம்.

மாவட்டத் தலைநகரத்தில், மாடிப்படிக்கு அடியிலிருந்த குளிர்ந்த அறை ஒன்றில், பெனாசிர் என்ற மேலப்பாளையத்துப் பெண் அந்த முத்திரையை உடைத்தாள். செல்போன், கம்ப்யூட்டர், கேம் பெட்டி என்று களவிலும் கொலையிலும் பிடிபடுகிற சாமான்களுக்குள் என்ன இருக்கிறதென்று துழாவி எடுப்பது அவள் உத்தியோகம். அந்த உத்தியோகத்தில் முதல் பாடம், பிடிபட்ட சாமானை நேராக மின்சாரத்தில் மாட்டி ஓட்டக் கூடாது என்பது. ஓட்டினால் அது தனக்குள் எதையாவது எழுதிக்கொள்ளும், எழுதிக்கொண்டால் அது பழைய சாமான் இல்லை, கோர்ட்டில் செல்லாது. அதனால் உள்ளே இருப்பதை இம்மி பிசகாமல் ஒரு நகல் எடுக்க வேண்டும். மூலத்தின் கைரேகை மாதிரி ஒரு நீளமான எண் உண்டு, நகலின் எண்ணும் அதேதானா என்று பார்க்க வேண்டும். பிறகு மூலத்துக்கு மறுபடி முத்திரை. நகலைத்தான் ஓட்டிப் பார்க்கலாம், அதுவும் ரைட் பிளாக்கர் என்ற சின்னக் கருவியை நடுவில் மாட்டி. அந்தக் கருவி இருந்தால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம், புதிதாக ஒரு எழுத்துகூட உள்ளே போகாது.

பெனாசிர் நகலை ஓட்டினாள். கத்தரித் தோட்டத்தில் ஒரு ஆள் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்து, "செம்பகம், காபி போட்டுட்டியா? ரெண்டே நிமிஷம், வந்துருதேன்" என்றார்.

இதுவரைக்கும் பெட்டிகளுக்குள் அவள் பார்த்த ஆண்களில் இவர் கொஞ்சம் மரியாதையான ஆளாகத் தெரிந்தார். "நான் செம்பகம் இல்ல சார், பெனாசிர்" என்று சொல்லிவிட்டு, 'நபர் உள்ளே இருக்கிறார், தெம்பாக இருக்கிறார்' என்று அறிக்கை அடிக்க ஆரம்பித்தாள்.

அறிக்கையைப் படித்த இன்ஸ்பெக்டர், ஆள் அதே ஆள்தானா என்று ஊரார் சொல்ல வேண்டும் என்றார். அப்படித்தான் பெனாசிர் நகலையும் கருவியையும் எடுத்துக்கொண்டு வர, ஆவுடையாள்புரம் ஸ்டேஷனில் ஒரு பெரிய டிவியை வைத்து அடையாள அணிவகுப்பு நடந்தது, அதன்பின் ஸ்டேஷனுக்கு வராத ஆளே ஊரில் இல்லை.

சுற்றுப்பட்டு விவசாயச் சம்சாரிகள் டவுன் பஸ் பிடித்து வந்தார்கள். வாழ்நாள் முழுக்கத் தங்களுக்கு யோசனை சொன்னவரின் வெள்ளாமையைப் பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம் அல்லவா? வரப்பு கோணல் என்றார் ஒருத்தர். செடிக்குச் செடி இடைவெளி பத்தாது, "இவரு பேச்சக் கேட்டா நாம வெதச்சோம்?" என்றார் இன்னொருத்தர். பூச்சி இல்லாத கத்தரியைப் பார்த்துப் பொறாமையில் ஒருவர் பாதியிலேயே எழுந்து போனார். விதைக்கடை முதலாளி அண்ணாச்சி டிவியின் காதருகே குனிந்து, "கோமதி, குடோன் சாவிய எங்கலே வச்ச?" என்று கேட்க, "முதலாளி, இந்தா ரெண்டே நிமிஷம்" என்று பதில் வந்தது. தலையாரி வந்து, பயிர்க் கணக்கில் இந்தக் கத்தரியை எந்த சர்வே நம்பரில் ஏற்றுவதென்று கேட்டு, யாரும் சொல்லாததால் புறம்போக்கு என்று எழுதிக்கொண்டார். அம்மன் கோயில் தர்மகர்த்தா உள்ளே பெய்த மழையைக் கொஞ்ச நேரம் பார்த்து, கொடைத் திருவிழாவில் மழை வேண்டி அம்மன் முன்னால் பூப்போட்டுப் பார்ப்பதற்குப் பதில் இவரிடமே சொல்லிவைத்தால் என்ன என்றார். ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஆள் ஊரில் இருக்கிறார், ஆனால் அரிசி சாப்பிடவில்லை. அட்டையில் பெயரை எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

செண்பகம் தினமும் தூக்குவாளியோடு வந்தாள். முதல் நாள் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள்: பெரியத்தான் புகார் கொடுத்தது, கிணறு இறைத்தது, முருங்கை சாய்ந்தது, தன்னை உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள் என்பது. கோமதிநாயகம் மண்வெட்டியைக் கீழே போட்டு, "அட பாவிகளா, ஒன்னயா? நீ அழாத செம்பகம், நான் வந்து சொல்லுதேன்" என்று மீசை துடிக்கச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கியது. அன்று ராத்திரி கஞ்சி இறங்கியது. மறுநாள் போய் டிவியைப் போட்டதும் அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்து, "செம்பகம், காபி போட்டுட்டியா?" என்றார்.

திரும்பவும் சொன்னாள். திரும்பவும் மீசை துடித்தது. அதற்கு மறுநாளும் காபி கேட்டார்.

"அவர் மேல தப்பில்லக்கா" என்று பெனாசிர் சமாதானம் சொன்னாள். "நடுவுல இந்தக் கருவி மாட்டியிருக்கேன்ல? நாம பேசுறது அவருக்குக் கேக்கும், பதிலும் சொல்வாரு. ஆனா உள்ள எதுவும் பதியாது. அணைச்சுப் போட்டா பழையபடி முதல்லேருந்து."

செண்பகம் அந்தக் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. "இத நீ இப்பத்தான் மாட்டுன தாயி" என்றாள். "எங்களுக்கு இது கல்யாணத்தன்னைக்கே மாட்டியிருக்கு."

பெனாசிருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

தம்பி உயிரோடு இருக்கிறான் என்று ஊரே கைதூக்கிவிட்டபின் சங்கரலிங்கம் அடங்கியிருக்கலாம். அடங்கினால், அடுத்து அந்த வயல் யாருடையது என்று யாராவது கேட்பார்களே. "சரி, உள்ளதான் இருக்கான். இல்லங்கல. ஆனா தானா போனானா, இவ தள்ளிவிட்டாளா? கட்டி ஆத்துல விடுதேன்னு சொன்னவ பெட்டிக்குள்ள தள்ளமாட்டாளா?" என்றார். இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பெட்டிக்குள் தள்ளியதற்குத் தனியாகப் பிரிவு இல்லை. ஒருவனை அடைத்து வைத்ததற்கு இருந்தது. அதைப் போட்டு செண்பகத்தைக் கோர்ட்டில் நிறுத்தினார். மரகதம் அவளுக்காகத் துணிப்பையில் ரெண்டு சேலையும் ஒரு சோப்பும் தேங்காயெண்ணெய் சீசாவும் எடுத்து வைத்தாள். ஜெயில் தண்ணீர் உப்பு என்று கேள்வி.

கோர்ட்டில் உட்கார்ந்திருந்தது வசந்தகோகிலம் என்ற மாஜிஸ்திரேட் அம்மாள், ரிட்டையர் ஆகப் போகிற வயசு, மூக்கு நுனியில் கண்ணாடி. மேஜைமேல் அரக்கு முத்திரையோடு மூலப் பெட்டி. பக்கத்தில் டிவியும் நகலும்.

"அவரையே கேட்டுருவோமே" என்றார் சர்க்கார் வக்கீல்.

டவாலி சத்தியம் வாங்கினார். கோமதிநாயகம் வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று அழகாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வந்தபோது அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து காபி கேட்டார். மறுபடி சத்தியம், மறுபடி கரண்ட். பெனாசிர் எழுந்து விளக்கினாள்: நகலில் எந்தச் சத்தியமும் தங்காது. அப்படியானால் மூலத்தை உடைத்து அவரை வெளியே கூப்பிட்டுக் கேட்கலாமே என்றார் வக்கீல். அதை ஓட்டினால் அதில் புதிதாக ஏதாவது பதிந்துவிடும், எண் மாறிவிடும், பிறகு அவர் பிடிபட்ட கோமதிநாயகம் இல்லை, அவர் சொல்வது சாட்சியம் இல்லை என்றாள் பெனாசிர்.

"அதாவது, சொல்ற ஆளுக்கு ஞாபகம் இருக்காது, ஞாபகம் இருக்கிற ஆள் சொல்லக் கூடாது" என்றார் அம்மாள்.

"ஆமா மேடம்."

செண்பகம் துணிப்பையின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம யாரும் எதுவும் கேக்கிறதுக்கு முன்னாடி, போட்ட உடனே, அவரா ஒண்ணு சொல்றாரே. அது நீங்க முத்திரையை உடைக்கும்போதே உள்ள இருந்ததா?"

"இருந்தது மேடம். எத்தனை நகல் எடுத்தாலும் அதேதான்."

"அத மட்டும் போடுங்க."

போட்டார்கள். "ரெண்டே நிமிஷம், வந்துருதேன்" என்றார் கோமதிநாயகம், கோர்ட்டைப் பார்த்து.

அம்மாள் சங்கரலிங்கத்தைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். "உங்க தம்பி சாதாரணமா இப்படித்தான் சொல்வாரா? உண்மையைச் சொல்லுங்க."

சங்கரலிங்கம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்குள் எத்தனையோ வருஷத்துக் கடுப்பு ஒன்று, தான் யார் பக்கம் என்பதையும் மறந்து, பொங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டது. "எங்கம்மா செத்தன்னைக்கும் இதத்தான் சொன்னான் மேடம்! அப்பாவுக்குக் கொள்ளி வச்சது நான். அம்மாவுக்கு எளையவன் இவன்தான் வைக்கணும். சொந்தம் பூரா சுடுகாட்டுல நிக்கி. இவன் வீட்டுல இருந்துக்கிட்டு, ரெண்டே நிமிஷம், வந்துருதேங்கான். வெயிலு உச்சிக்கு வந்துட்டு, வெட்டியான் ரெண்டு தடவ டீ குடிச்சிட்டு வந்துட்டான், இவன் வரல! அவன யாரும்மா ஒரு எடத்துல தள்ள முடியும்? ஒரு எடத்துலருந்து எழுப்பவே முடியாதே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது.

மாஜிஸ்திரேட் அம்மாள் மளமளவென்று எழுதினார். தள்ளப்பட்ட மனுஷன் ஐயோ என்பான். அடைக்கப்பட்டவன் கதவைத் திற என்பான். வந்துவிடுகிறேன் என்று சொல்கிறவன், கதவு திறந்திருக்கிறது, தான்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். ஆகவே செண்பகம் என்கிற செண்பகவல்லி விடுதலை. கோமதிநாயகம் காணாமல் போனவர் அல்ல, வந்துகொண்டிருப்பவர். பெட்டியை வீட்டாரிடம் ஒப்படைக்கவும். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி, யாருக்கும் இல்லாமல் பொதுவாக, "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்கார், பேப்பருக்குப் பின்னாடி" என்றார்.

ஒரு வருஷத்தில் எத்தனை தடவை தன் காதில் ஈயமாக விழுந்த வார்த்தை அது என்று செண்பகம் யோசித்தாள். அதே வார்த்தை இன்று ஜெயில் வாசலிலிருந்து தன்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டதே. அதற்கு நன்றி சொல்வதா, வைவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

முத்திரை கலையாத பெட்டியை அவள் மடியில் வைத்துவிட்டு பெனாசிர் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இது மூலம். நடுவுல கருவி கெடையாது. இனிமே நீங்க சொல்றது பதியும், அப்படியே நிக்கும். முதல்ல என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சுக்கங்க."

இது தெரிந்ததும் ஊர் மறுபடி கூடியது. முதல் பேச்சு எதுவாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. குடோன் சாவியைக் கேளு என்றார் முதலாளி. மழையைக் கேளு என்றார் தர்மகர்த்தா. "அழு. நல்லா சத்தம் போட்டு அழு. அது நிக்கும்" என்றாள் மரகதம். சங்கரலிங்கம் வேலிக்கு வெளியே நின்று, வயலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செண்பகம் எல்லாருக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் காலையில், பால்காரர் வந்து போன பிறகு, அவள் பெட்டியைக் கழுவித் துடைத்த இடத்தில் வைத்து, அரக்கைக் கத்தியால் நெம்பி, ஒயரை மாட்டினாள். அதற்கு முன்பே குளித்து, தலை சீவி, அந்த அரக்குக் கலர்ப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். ஜெயிலுக்கென்று மரகதம் கட்டிக் கொடுத்த துணிப்பை பிரிக்காமல் அப்படியே தோளில் தொங்கியது. தெருமுக்கில் ஹாரன் கேட்டது.

கோமதிநாயகம் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்தார். "செம்பகம், காபி போட்டுட்டியா?"

செண்பகம் டிவிக்கு நேரே, அவர் முகம் பார்த்து நின்றாள்.

"ரெண்டே நிமிஷம்" என்றாள். "வந்துருதேன்."

கதவைச் சாத்தினாள், பூட்டவில்லை. பழக்கத்தில் விசிலை வாயில் வைத்துவிட்ட கண்டக்டர், சேலைக்கரை தன்னை நோக்கி நடந்து வருவதைக் கண்டு அப்படியே விசிலோடு நின்றார். ஜன்னலோரம் உட்கார்ந்த அவளிடம், "எங்க போவணும்?" என்று கேட்க அவர் விசிலை வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"கடலுக்கு" என்றாள் செண்பகம்.

மரகதம்தான் பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தது. பெட்டிக்குள் வெள்ளாமை முற்றிக் கிடந்தது, மழை இருட்டிக்கொண்டு வந்தது. கோமதிநாயகம் மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.